தோற்கிற காலேஜ் டீமை ரங்கூனிலிருந்து பார்ப்பது எப்படி

ரங்கூன் டீக்கடையில் டிவி ஓடினால் அதில் இங்கிலீஷ் ஃபுட்பால்தான் ஓடும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்று பேச்செடுத்தால் பக்கத்து மேசைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் இந்தியானா மாநிலத்தில் பர்மாக்காரர்கள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள், இந்தியானாபொலிஸிலும் ஃபோர்ட் வெய்னிலும் தெருத்தெருவாகக் குடியிருக்கிறார்கள். சின் இன மக்கள்தான் அதிகம் என்றாலும் நம் தமிழ் ஆட்களும் அங்கங்கே உண்டு. அக்கா குடும்பம், மாமா குடும்பம் என்று யாராவது அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், கொஞ்ச நாளில் இங்கே இருக்கிற நமக்கும் அந்தக் கூடைப்பந்துப் பைத்தியம் தொற்றிக்கொள்ளும், ஏனென்றால் அந்த மாநிலத்தில் அது விளையாட்டு மட்டுமல்ல, கிட்டத்தட்டக் குலதெய்வம். என் அக்கா மகன் புளூமிங்டனில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு எனக்கும் அதே கதைதான். அப்படி இந்தியானா ஹூசியர்ஸ் அணியின் ரசிகராகி, இப்போது வயிறு எரிந்துகொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டீம் வேறு என்றாலும் பரவாயில்லை, முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் உங்கள் கோபம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோற்கிற டீம் வேறு, சரியாக ஆடாத டீம் வேறு. நியூ ஜெர்சியில் என்.ஜே.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரி 2007-08 சீசனில் 29 ஆட்டம் ஆடி 29-லும் தோற்றது. கால்டெக் அணி தன் கான்ஃபரன்ஸில், அதாவது வழக்கமாகத் தங்களுக்குள் ஆடுகிற காலேஜ்களின் குழுவில், 1985-லிருந்து 310 ஆட்டம் தொடர்ந்து தோற்று, 2011 பிப்ரவரியில்தான் ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது. அந்த ரசிகர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் அது நம் எரிச்சல் இல்லை. நம் எரிச்சல் வேறு ஜாதி. இந்தியானா ஐந்து முறை தேசிய சாம்பியன்: 1940, 1953, 1976, 1981, 1987. 1976-இல் பாப் நைட் பயிற்சியில் 32 ஆட்டம் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் கோப்பையை வாங்கிய அணி அது, அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் இன்னொரு அணி அப்படி ஒரு சீசனை முடித்ததில்லை. 1987-இல் கீத் ஸ்மார்ட் கடைசி நொடிகளில் போட்ட பந்தில் சிராக்யூஸை 74-73 என்று ஜெயித்தார்கள். கடைசிக் கோப்பை அதுதான். 2002-இல் இறுதி ஆட்டம் வரை போய் மேரிலாண்டிடம் தோற்றார்கள். அப்புறம்?

அப்புறம்தான் நம் கதை. 2008-09-இல் 6 வெற்றி, 25 தோல்வி. அங்கிருந்து கோச் டாம் க்ரீன் அணியை மேலே கொண்டுவந்து, 2011 டிசம்பரில் முதலிடத்தில் இருந்த கென்டக்கியைக் கிறிஸ்டியன் வாட்ஃபோர்டின் கடைசி நொடி த்ரீ பாயின்டரில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிற மூன்று புள்ளிப் பந்து) 73-72 என்று சாய்த்து, 2013-இல் கோப்பைக்கே வாய்ப்புள்ள அணியாக நின்றார்கள், ஆனால் பதினாறு அணிச் சுற்றில் சிராக்யூஸிடம் 61-50 என்று வெளியேறினார்கள். அடுத்த கோச் ஆர்ச்சி மில்லரின் நான்கு வருடத்தில், 68 அணி ஆடுகிற தேசியத் தொடருக்குள்ளேயே போகவில்லை. அவருக்குப் பிறகு வந்த கோச் மைக் உட்சன் காலத்தில் 2022, 2023 இரண்டு வருடம் உள்ளே போனார்கள், 2024-இலும் 2025-இலும் வெளியே. அந்தக் கடைசி சீசனைத் தொடங்கும்போது அணி தேசிய வரிசையில் 17-ஆம் இடத்தில் இருந்தது, முடிக்கும்போது 19-13, 68 அணிக்குள் இடம் இல்லை. இதுதான் சரியாக ஆடாதது என்பதன் அர்த்தம். பலவீனமான டீம் தோற்றால் மனசு ஆறிவிடும். ஜெயிக்க வேண்டிய டீம் தோற்றால்தான் ஆறாது. உங்கள் கோபம் இந்த இரண்டாவது வகை என்றால், அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் கண்டுபிடிக்க வேண்டும். எதில் குறை என்று தெரிந்து கோபப்படுகிறவனுக்கு அடுத்த ஆட்டத்தில் பார்க்க ஏதாவது இருக்கும், சும்மா கோபப்படுகிறவன் ஜனவரியிலேயே ஓய்ந்துபோவான்.

சரி, நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இங்கிருந்து பார்க்கிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை அதில்தான். புளூமிங்டன் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை நாம் அவர்களுக்குப் பதினொன்றரை மணி நேரம் முன்னால். அவர்கள் இரவு 7 மணிக்கு ஆடினால் நமக்கு மறுநாள் காலை 6:30. இரவு 9 மணி ஆட்டம் நமக்குக் காலை 8:30, அதாவது வேலைக்குப் போகிறவர்களுக்குக் கையில் மாட்டாத ஆட்டம். சனிக்கிழமை மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு அதே சனிக்கிழமை இரவு 11:30, இது ஒன்றுதான் குடும்பம் தூங்கின பிறகு நிம்மதியாகப் பார்க்கலாம். 2024-இல் யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., ஓரிகன், வாஷிங்டன் நான்கும் வந்து சேர்ந்து, இந்தியானா ஆடுகிற பிக் டென் கான்ஃபரன்ஸ் 18 அணியாகிவிட்டதால், மேற்குக் கரையில் நடக்கிற ஆட்டம் நமக்குக் காலை 9:30, 10 மணி என்றுகூட விழும். மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள், அன்றிலிருந்து வித்தியாசம் பத்தரை மணி நேரம், இரவு 7 மணி ஆட்டம் நமக்கு 5:30. பிக் டென் தொடர் சரியாக அதற்குப் பிந்தைய வாரத்தில்தான் வரும், அதனால் பழைய கணக்கிலேயே அலாரம் வைத்தவர்கள் முதல் பாதியைத் தவறவிடுவார்கள். காலண்டரில் இப்போதே குறித்துவைத்துவிடுங்கள்.

அடுத்தது கரன்ட். உங்கள் பேட்டையில் எந்த நேரம் கரன்ட் வரும், எந்த நேரம் போகும் என்று பார்த்துக்கொண்டு, ஆட்டத்துக்கு முந்தின இரவே போனையும் பவர் பேங்க்கையும் சார்ஜ் போட்டுவிடுங்கள். வீடியோவைத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரு மணி நேர வீடியோ சாதாரணத் தரத்திலேயே அரை ஜிபிக்கு மேல் சாப்பிடும், ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். ரேடியோ வர்ணனை என்றால் மணிக்கு 30 எம்பி அளவில் முடிந்துவிடும். வர்ணனையைக் காதில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் எழுத்தில் போடுகிற ஸ்கோர் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டால் ஆட்டம் கண் முன்னால் நடக்கிற மாதிரியே இருக்கும். பிறகு டேட்டா மலிவாகக் கிடைக்கிற நேரத்தில் பத்து நிமிட ஹைலைட்ஸ் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், ஹைலைட்ஸ் மட்டும் பார்த்து டீமைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். அதில் டங்க்கும் த்ரீ பாயின்டரும் இருக்கும், நம்மைத் தோற்கடித்த விஷயம் இருக்காது.

விதி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் பார்த்துப் பழகினவர்களுக்கு இங்கே மாறுவது இவ்வளவுதான்: ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடம் இரண்டு பாதி, ஷாட் கிளாக் (அதற்குள் எறிந்தாக வேண்டிய நேரம்) 24 இல்லை 30 நொடி, ஒரு ஆள் ஐந்து ஃபவுலில் வெளியே. ஒரு பாதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்தால் நமக்கு ஒன்-அண்ட்-ஒன். அதாவது முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஒரு புள்ளிப் பந்து) விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு. இந்த ஒன்-அண்ட்-ஒன்னை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது முக்கியமான வேலை. ஆட்டம் முடிந்து டீம் தோற்றதும் ஸ்கோரை விட்டுவிட்டு, ஆட்டத்தின் எல்லா எண்ணிக்கையும் போட்ட அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரைத் திறங்கள். டீன் ஆலிவர் என்ற புள்ளியியலாளர் கூடைப்பந்தில் வெற்றி தோல்வியை நான்கு விஷயமாகப் பிரித்தார்: எறிந்த பந்து எவ்வளவு நன்றாக விழுந்தது, பந்தை எத்தனை முறை தொலைத்தார்கள் (டர்ன்ஓவர்), தவறின பந்தை எத்தனை முறை திரும்பப் பிடித்தார்கள், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு எத்தனை முறை போனார்கள். அவர் கொடுத்த எடை ஏறக்குறைய 40, 25, 20, 15. எறிவதுதான் பெரியது, ஆனால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டுப் பேசுகிறவர் பாதி ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், இது எந்த ஆட்டமும் இல்லை, புரிவதற்காக நானே போட்டது. நம் அணி 60 முறை எறிந்து 24 போட்டது, அதில் த்ரீ பாயின்டர் 5. ஃப்ரீ த்ரோ 20-க்கு 12. மொத்தம் 65. எதிரணி 58 முறை எறிந்து அதே 24 போட்டது, ஆனால் அதில் த்ரீ பாயின்டர் 11. ஃப்ரீ த்ரோ 16-க்கு 13. மொத்தம் 72. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்ன சொல்வார்கள்? டிஃபென்ஸ் சரியில்லை, உழைப்பு இல்லை, அந்தக் கடைசி நிமிட டர்ன்ஓவர்தான் கெடுத்தது என்பார்கள். காகிதத்தில் பார்த்தால் இரண்டு அணியும் போட்ட கூடை சமம். ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஆறு புள்ளி த்ரீ பாயின்டரில் போனது, ஒரு புள்ளி ஃப்ரீ த்ரோவில். த்ரீ பாயின்டருக்கு ஒன்றரைக் கூடை மதிப்புக் கொடுத்து விகிதம் போட்டால் நாம் 44 சதவீதம், அவர்கள் 51. நாம் விட்ட ஃப்ரீ த்ரோ எட்டு, அவர்கள் விட்டது மூன்று. இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ஆட்டத்துக்கு நான்கு வரி போதும். ஜனவரி முடிவதற்குள் ஒரே வியாதி திரும்பத் திரும்ப வருவது உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

த்ரீ பாயின்டர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தியானா ரசிகர்களுக்குப் பல வருடமாக நெஞ்சில் குத்துகிற முள் அது. மைக் உட்சன் காலத்து அணி இரண்டு உயரமான ஆட்களை உள்ளே வைத்து ஆடியது, வெளியிலிருந்து எறிவது குறைவு. த்ரீ பாயின்டர் 33 சதவீதம் விழுந்தாலே அது இரண்டு புள்ளிப் பந்து 50 சதவீதம் விழுவதற்குச் சமம், ஒரு ஆளை முன்னால் வைத்துக்கொண்டு கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று எறிகிற நீண்ட இரண்டு புள்ளிப் பந்து 50 சதவீதம் விழாது, யாருக்கும் விழாது. ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸ் மாதிரி ஒரு ஆள் உள்ளே இருந்தவரை இந்தக் கணக்கு ஓரளவு மறைந்திருந்தது. அப்படி ஒருவர் இல்லாதபோது வெளியே வந்துவிட்டது.

இதைக் கண்ணால் பார்ப்பது எப்படி என்றால், பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாத நான்கு பேரைப் பாருங்கள். மோசமாக ஆடுகிற டீமின் ஒரு பொசெஷன், அதாவது பந்து ஒரு முறை அவர்கள் கைக்கு வந்து போகிற நேரம், இப்படிப் போகும்: கார்டு பந்தைத் தட்டிக்கொண்டே நடுவில் வருகிறான், ஷாட் கிளாக்கில் 24. உயரமான ஆள் ஒருவன் ஓடிவந்து எதிரணி ஆளை மறித்து நின்று ஸ்க்ரீன் போடுகிறான், எதிரணி அதற்குக் கீழே புகுந்து போய்விடுகிறது, ஏனென்றால் இந்தக் கார்டு வெளியிலிருந்து எறியமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். 17. பந்து வலப்பக்கம் போகிறது, வாங்கினவன் நின்று பார்க்கிறான், மூலையில் ஒருவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான், அவனைக் காக்க வேண்டிய எதிரணி ஆள் அவனை விட்டுவிட்டு உள்ளே வந்து உயரமானவனை மறைத்துக்கொண்டு நிற்கிறான். 11. பந்து திரும்ப நடுவுக்கு. 7. இப்போது யாராவது ஏதாவது செய்தாக வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு மூன்று பேருக்கு நடுவில் ஓடுகிறான், எழும்பி உடம்பைத் திருப்பி எறிகிறான், பந்து வளையத்தின் முன்பக்கம் பட்டுத் திரும்புகிறது. வர்ணனையாளர் நல்ல டிஃபென்ஸ் என்கிறார். அது நல்ல டிஃபென்ஸ் இல்லை, மூலையில் நின்றவன் எறிவான் என்ற பயம் யாருக்கும் இல்லாததால் வந்த வினை.

நம் தெருவில் சாயங்காலம் பையன்கள் சின்லோன் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், பிரம்புப் பந்து ஒருவன் காலில் இருக்கும்போதே வட்டத்தில் இருக்கிற மற்றவர்கள் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நன்றாக ஆடுகிற கூடைப்பந்து அணியும் அப்படித்தான் இருக்கும், பந்து வருவதற்கு முன்பே கால் நகர்ந்திருக்கும். நம் டீமின் கால் நகர்கிறதா என்று முதல் ஐந்து பொசெஷனில் பாருங்கள். நகர்ந்தால் அன்றைக்குத் தோற்றாலும் நம்பிக்கை வைக்கலாம். நகரவில்லை என்றால் ஜெயித்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஃப்ரீ த்ரோவுக்கு வருவோம். ஒன்-அண்ட்-ஒன்னில் 75 சதவீதக்காரன் நின்றால் சராசரியாக 1.3 புள்ளி எதிர்பார்க்கலாம், 60 சதவீதக்காரன் நின்றால் 0.96. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஃபவுல் என்று ஒரு பாதியில் அப்படி மூன்று முறை வந்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு புள்ளி. எத்தனை ஆட்டத்தை ஒரு புள்ளியில் தோற்றோம் என்று உங்கள் நோட்டில் எண்ணிப் பாருங்கள், வேண்டாம், எண்ணாதீர்கள், தூக்கம் வராது.

சரி, குறை தெரிந்துவிட்டது. கோபத்தை யார் மேல் வைப்பது? பையன்கள் மேல் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அவர்களில் பலருக்கு வயது பத்தொன்பது, இருபது. 17,222 பேர் உட்கார்கிற, நம் டீமின் சொந்த அரங்கமான அசெம்பிளி ஹாலில் தப்பாகப் போன ஒரு பந்துக்காக, அவன் போனுக்கே ஆயிரக்கணக்கில் வசவு வந்து விழுகிறது, அதில் சூதாட்டத்தில் பணம் விட்டவர்களின் வசவும் சேர்த்தி. உலகத்தின் இந்த மூலையிலிருந்து நாமும் ஒன்று அனுப்ப வேண்டியதில்லை. ஆட்டக்காரனின் பக்கத்தில் போய் எழுதுகிற பழக்கம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சம்பளம் வாங்குகிறவன்தானே என்று கேட்பார்கள். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி உண்டு, 2025 ஜூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு வரம்பு வரை (முதல் வருடம் 20.5 மில்லியன் டாலர்) நேரடியாகவே பங்கிட்டுக் கொடுக்கலாம், அதெல்லாம் உண்மை. அதனால் ஆட்டத்தை விமர்சிக்கலாம், தாராளமாக. ஆளைத் திட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

கோச் மேல் கோபப்படலாம், அது அவர் வேலையில் ஒரு பகுதி. ஆனால் 'மாற்றுங்கள்' என்று கத்துவதற்கு முன்னால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் முன் கோச்சை அனுப்பினால் மீதிப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். 2021-இல் ஆர்ச்சி மில்லரை அனுப்ப 10 மில்லியன் டாலருக்கு மேல் ஆனது, அதைத் தனியார் நன்கொடையாளர்கள் போட்டார்கள். பாப் நைட் 2000-இல் போன பிறகு டேவிஸ், சாம்ப்சன், க்ரீன், மில்லர், உட்சன் என்று நிரந்தரக் கோச் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள், 2025-இல் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த டேரியன் டெவ்ரீஸ் ஆறாவது. இதில் என் கருத்தைச் சொல்கிறேன்: ஒரு கோச்சைப் பற்றிப் பேச இரண்டு முழு சீசன் வேண்டும், முதல் சீசனில் அவர் என்ன பந்து ஆட நினைக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள், வெற்றி எண்ணிக்கையை இரண்டாவதில் கேளுங்கள். மூன்றாவது வருடமும் மூலையில் நிற்கிறவன் இடுப்பில் கை வைத்தே நின்றால், அப்போது கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஆட்கள் மாறுவது புதிய ரசிகர்களுக்குத்தான் பெரிய அதிர்ச்சி. காலேஜ் மாற நினைக்கிறவர்கள் பெயர் பதிகிற, 2018-இல் வந்த ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல், மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டாம் என்று 2021-இல் மாறின விதி, இரண்டும் சேர்ந்து வசந்தகாலத்தில் டீமே கலைந்துபோகும். டெவ்ரீஸ் வந்தபோது ஏறக்குறைய மொத்த அணியும் புதிதாகிவிட்டது. ஏப்ரல், மே மாதத்தில் யார் போனார், யார் வந்தார் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் மண்டை காய்ந்துவிடும், பார்க்காதீர்கள். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து அணிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: முன்பு எந்தக் காலேஜ், த்ரீ பாயின்டர் சதவீதம், எத்தனை நிமிடம் ஆடினான். போதும். நவம்பர் முதல் ஆட்டத்துக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டால் வர்ணனை புரியும். இந்தியானா ஜெர்சியில் முதுகில் பெயர் போடும் வழக்கம் கிடையாது, அங்கே பல தலைமுறையாக அப்படித்தான். இப்போது பார்த்தால் அதைவிட வசதி வேறில்லை. அக்கா வரும்போது ஒரு ஜெர்சி வாங்கிவரச் சொல்லுங்கள், எத்தனை பேர் மாறினாலும் அது பழசாகாது.

பிப்ரவரி வந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி, 68 அணிக்குள் வருமா வராதா. இதற்கு வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயனில்லை. 2018-19-இலிருந்து நெட் என்ற தரவரிசை வைத்திருக்கிறார்கள், அதை வைத்து ஒவ்வொரு ஆட்டத்தையும் நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கட்டம் என்றால் சொந்த மண்ணில் முதல் 30 இடத்துக்குள் இருக்கிற அணி, பொது மைதானத்தில் முதல் 50, எதிரி மண்ணில் முதல் 75. நம் டீம் முதல் கட்டத்தில் எத்தனை ஜெயித்தது, மூன்றாவது நான்காவது கட்டத்தில் எத்தனை தோற்றது, இந்த இரண்டு எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசிக் கட்டத்து அணியிடம் வாங்கிய ஒரு தோல்வி இரண்டு மாதம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கும். டிசம்பரில் யாரும் பார்க்காத ஆட்டத்தில் அசட்டையாக ஆடினால் எனக்கு வருகிற கோபம், அதே மாநிலத்துப் பரம வைரி பர்டியூவிடம் தோற்றால்கூட வராது.

அந்த 68 அணியை அறிவிக்கிற மார்ச் ஞாயிறு அவர்களுக்கு மாலை 6 மணி, நமக்குத் திங்கள் விடியற்காலை 4:30. டீம் விளிம்பில் இருந்தால் எழுந்திருங்கள், மற்றபடி தூங்குங்கள், பட்டியல் ஓடிப்போகாது. பெயர் வராவிட்டால் அன்றைக்கு அங்கே இருக்கிற பிள்ளைக்கு நீங்களாகப் போன் போடாதீர்கள். அவன் அங்கே வகுப்பிலும் ஹாஸ்டலிலும் அதையே கேட்டுக் கேட்டு நொந்திருப்பான். ஒரு நாள் விட்டுக் கூப்பிட்டால் அவனே "மாமா, பாத்தீங்களா?" என்று தொடங்குவான், அப்போது உங்கள் நோட்டை எடுங்கள். என் அக்கா மகனும் நானும் சண்டை போடாமல் பேசக் கற்றுக்கொண்டது அந்த நான்கு வரியை வைத்துத்தான். அவன் கோச்சைத் திட்டுவான், நான் ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் படிப்பேன், அவன் கொஞ்சம் அடங்குவான், பிறகு சாப்பாடு, குளிர், பரீட்சை என்று பேச்சு வேறு பக்கம் போகும். வீட்டுப் பெரியவர்கள் முன்னால் ரொம்பக் கத்த வேண்டாம். விடியற்காலையில் பூஜைக்கு எழுந்திருக்கிற அம்மாவுக்கு நீங்கள் எதற்குத் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள் என்று விளங்கவைப்பது ஷாட் கிளாக்கை விளங்கவைப்பதைவிடக் கஷ்டம்.

நம்பிக்கை வைக்கக் காரணம் கேட்டால் இரண்டு சொல்வேன். 2018-இல் வர்ஜீனியா நாட்டிலேயே முதலிடத்தில் இருந்துவிட்டு, தொடரின் ஒரு பிரிவில் கடைசித் தரமான பதினாறாம் தரத்தில் இருந்த யு.எம்.பி.சி. என்ற அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் தொடரில் அதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை. மறுவருடம் அதே கோச், பெரும்பாலும் அதே ஆட்கள், தேசிய சாம்பியன். அப்புறம் மேலே சொன்ன அந்த என்.ஜே.ஐ.டி., 29 ஆட்டமும் தோற்ற அணி, 2014 டிசம்பரில் மிச்சிகனுக்கே போய் மிச்சிகனை 72-70 என்று ஜெயித்துவிட்டு வந்தது. இப்படி எல்லா வருடமும் நடக்காது. ஆனால் நடந்திருக்கிறது, அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

நம் டீம் இல்லாவிட்டாலும் ஏப்ரல் முதல் வாரம் வருகிற இறுதி ஆட்டத்தை விடாதீர்கள். அவர்களுக்குத் திங்கள் இரவு, நமக்குச் செவ்வாய் காலை 7 மணிக்கு மேல், திஞ்ஜான் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால். பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு, ஜெயிக்கிற அணியின் மூலையில் நிற்கிறவன் என்ன செய்கிறான் என்று மட்டும் பாருங்கள்: கை எங்கே இருக்கிறது, கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பந்து வருவதற்கு எத்தனை நொடி முன்னால் அவன் தயாரானான். நவம்பரில் நம் ஆளிடம் தேட வேண்டியது அதுதான்.